சோழமண்டலக் கரைக் காடுகளில் கொடிகளும் பறவை ஒலிகளும்

சோழமண்டலக் கரைக் காடுகளில் கொடிகளும் பறவை ஒலிகளும் ஒன்றோடொன்று கொண்டுள்ள தொடர்பு, தாவரச் சூழலியல், பறவையியல், ஒலியியல் ஆகிய மூன்று துறைகளும் சந்திக்கும் ஒரு பொருளாகும். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் எஞ்சியுள்ள வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடுகளில் கொடிகள் மிகுதியாக வளர்கின்றன. இவை மரங்களையும் புதர்களையும் பிணைத்து அடர்ந்த பின்னலை உருவாக்குகின்றன. பறவைகளுக்கு இப்பின்னல் உணவிடமாகவும் மறைவிடமாகவும் கூடு கட்டும் இடமாகவும் பயன்படுகிறது. அதே வேளையில் அது பார்வையை மறைக்கிறது; ஒலியைச் சிதறச் செய்கிறது. எனவே இங்கு வாழும் பறவைகள் பெரும்பாலும் குரலினாலேயே தம்முள் தொடர்பு கொள்கின்றன. மனிதரும் அவற்றைக் கண்ணால் காண்பதினும் காதால் கேட்டே அறிகின்றனர்.

இவ்வகைக் காட்டுத்துண்டுகள் சில கடலூர் மாவட்டத்தில் கோயில் காடுகளாக எஞ்சியுள்ளன. சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்தில் இவற்றிலிருந்து வேறுபட்ட சதுப்புநிலக் காடு உள்ளது. இவ்விரு வகைக் காடுகளும் ஒரே மாவட்டத்தில் அமைந்திருப்பதால், தாவர அமைப்புக்கும் ஒலிச்சூழலுக்கும் உள்ள தொடர்பை ஒப்பிட்டு அறிய இப்பகுதி ஏற்றதாகும்.

காட்டின் இயல்பு

வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்பது, ஆண்டின் பாதியளவு வறட்சியாக இருந்தும் பெரும்பாலான மரங்கள் இலைகளை முற்றிலும் உதிர்க்காத காட்டு வகையாகும். சாம்பியன், சேத் ஆகியோர் 1968 இல் வெளியிட்ட இந்தியக் காடுகளின் வகைப்பாட்டில் இது தனி வகையாக இடம்பெற்றுள்ளது. இந்தியாவில் இது முதன்மையாகச் சோழமண்டலக் கரையிலும், அதற்கு வெளியே இலங்கையின் வடபகுதியிலும் காணப்படுகிறது.

கடலூர்ப் பகுதி தன் மழையின் பெரும்பகுதியை அக்டோபர் முதல் திசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றின்போது பெறுகிறது. சனவரிக்குப் பின் நீண்ட வறட்சி தொடர்கிறது. நிலவியலாளர் "கடலூர் மணற்கல்" என்று பெயரிட்டுள்ள படிவின் மேல் அமைந்த செம்மண் மேடுகளில் இக்காடு வளர்கிறது. கடலூருக்கு அருகிலுள்ள கேப்பர் மலை இத்தகைய செம்மண் மேடாகும்.

மரங்கள் பொதுவாக உயரம் குறைந்தவை. காயா, வீரை, உலக்கைப்பாலை, காட்டெலுமிச்சை, நாவல், கருங்காலி முதலியன குறிப்பிடத்தக்கவை. இவற்றின் இலைகள் பெரும்பாலும் தடித்துத் தோல் போன்றிருக்கும். மழைக்காடுகளில் காணப்படுவது போல் தெளிவாகப் பிரிந்த பல அடுக்குகள் இங்கு இல்லை. மரம், புதர், கொடி ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் கலந்து நிற்பதால், காட்டின் ஓரம் ஒரு பச்சைச் சுவர் போலத் தோற்றமளிக்கும்.

கொடிகளும் அவை ஏறும் முறைகளும்

கொடி என்பது தன்னைத் தாங்கும் அளவுக்குத் தண்டைப் பருக்கச் செய்யாமல், பிற தாவரங்களைப் பற்றி ஒளியை நோக்கி வளரும் தாவரமாகும். தண்டு மரத்தன்மை அடைபவை வன்கொடிகள் எனவும், அடையாதவை மென்கொடிகள் எனவும் வகைப்படுத்தப்படுகின்றன. ஏறும் முறையைக் கொண்டு இக்கரையோரக் கொடிகளைப் பின்வருமாறு பிரிக்கலாம்:

* சுற்றுக்கொடிகள்: தண்டே மரத்தைச் சுற்றி ஏறும். எ.கா: சீந்தில், குன்றிமணி, நன்னாரி.
* பற்றுக்கம்பிக் கொடிகள்: சுருள் கம்பிகளால் பற்றி ஏறும். எ.கா: பிரண்டை, கோவை. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள் தன் இலை நுனியையே பற்றுக்கம்பியாகப் பயன்படுத்துகிறது.
* கொக்கிக் கொடிகளும் முட்கொடிகளும்: வளைந்த கொக்கி அல்லது முள்ளால் மாட்டிக்கொண்டு படரும். எ.கா: ஆதண்டை, சூரை, மிளகரணை. மோதிரக்கண்ணிக் கொடியின் கொக்கிகள் மோதிரம் போல் சுருண்டிருப்பதே அதன் பெயருக்குக் காரணமாகும்.

ஈரமான காடுகளில் மிகுந்து காணப்படும் வேரூன்றி ஏறும் கொடிகள் இவ்வறண்ட காடுகளில் அரிதாகும்.

பறவைகளின் நோக்கில் இவ்வேறுபாடு முக்கியமானது. சுற்றுக்கொடிகள் மர உச்சிகளை ஒன்றோடொன்று இணைக்கின்றன. முட்கொடிகளோ தரையிலிருந்து சில மீட்டர் உயரம் வரை ஊடுருவ இயலாத தூறுகளை அமைக்கின்றன. சிறு பறவைகள் இத்தூறுகளுள் எளிதில் நுழையும். அவற்றைப் பின்தொடரும் வல்லூறு போன்ற வேட்டைப் பறவைகளுக்கு அது கடினம்.

வறண்ட காடுகளில் கொடிகள் மிகுந்திருப்பதன் காரணம்

பெரும்பாலான தாவரக் குழுக்கள் மழை மிகுந்த இடங்களில் செழிக்கின்றன. ஆனால் வன்கொடிகள், உலக அளவில் நோக்கும்போது, மழை குறைந்து வறட்சிக் காலம் நீளும் வெப்பமண்டலக் காடுகளில் மரங்களோடு ஒப்பிடுகையில் மிகுதியாக உள்ளன. இப்போக்கிற்குச் சிநிட்சர் என்னும் அமெரிக்கச் சூழலியலாளர் 2005 இல் ஒரு விளக்கம் அளித்தார். கொடிகளின் வேர்கள் ஆழமானவை. நீரைக் கடத்தும் குழாய்கள் அகன்றவை. ஆகவே பல மரங்கள் வளர்ச்சியை நிறுத்தும் வறட்சிக் காலத்திலும் கொடிகள் தொடர்ந்து வளர்கின்றன. அக்காலத்தில் மேகமின்மையால் ஒளியும் மிகுதியாகக் கிடைக்கிறது.

இதன் விளைவாகக் கடலூர்க் காடுகளில் சித்திரை வெயிலிலும் பசிய மறைவிடம் நிலைத்திருக்கிறது. இலையுதிர் காடுகளில் கோடையில் கிளைகள் வெறுமையாகி ஒலி எளிதில் பரவும். மழைக்குப் பின் இலைகள் தழைத்ததும் ஒலி தடைபடும். கரையோரப் பசுமைமாறாக் காட்டில் இவ்வேறுபாடு குறைவு. அங்கு வாழும் பறவை ஆண்டு முழுதும் ஏறத்தாழ ஒரே வகையான இலைத்திரையினூடே குரல் எழுப்ப வேண்டியுள்ளது.

கொடித்தூறில் ஒலி செல்லும் முறை

திறந்த வெளியில் ஒலியின் செறிவு தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. தூறினுள் இவ்விழப்போடு வேறு இரு விளைவுகளும் சேர்கின்றன.

முதலாவது, சிதறல். ஒலியலை தன் அலைநீளத்திற்கு ஒப்பான அல்லது அதனினும் பெரிய பொருளில் மோதும்போது பெரிதும் சிதறுகிறது. காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் எனக் கொண்டால், 500 ஹெர்ட்சு அதிர்வெண் கொண்ட ஒலியின் அலைநீளம் 68 செ.மீ. ஆகும். 5,000 ஹெர்ட்சு கொண்ட ஒலிக்கு அது 7 செ.மீ. அளவே ஆகும். சீந்தில், கோவை போன்றவற்றின் இலைகள் பல இந்த இரண்டாம் அளவினை ஒத்தவை. எனவே தாழ்ந்த ஒலி இலைகளைச் சுற்றிக் கடந்து செல்கிறது. உயர்ந்த ஒலி இலைகளில் பட்டுச் சிதறுகிறது.

இரண்டாவது, எதிர்முழக்கம். தண்டுகளிலும் இலைகளிலும் பட்டுத் திரும்பும் ஒலி, நேராகச் செல்லும் ஒலிக்குச் சற்றுப் பின்னர்க் கேட்பவரை அடைகிறது. விரைவாக அடுத்தடுத்து ஒலிக்கும் சுரங்கள் இதனால் ஒன்றோடொன்று கலந்து தெளிவிழக்கின்றன. நீண்ட ஒற்றைச் சீழ்க்கைக்கு இதனால் கேடு குறைவு. எதிர்முழக்கம் சேர்வதால் அது மேலும் நீண்டும் வலுத்தும் கேட்கக்கூடும்.

இவற்றோடு காற்றின் பங்கும் உண்டு. வெயில் ஏறியபின் கரையோரத்தில் கடற்காற்று வீசத் தொடங்கும். அப்போது தோல் போன்ற இலைகள் உரசும் ஓசை பறவைக் குரல்களை மூடுகிறது. சூடான தரையிலிருந்து எழும் காற்றுச் சுழல்களும் ஒலியைக் குலைக்கின்றன. விடியற்காலையில் காற்று அடங்கியிருப்பது, பறவைகள் அப்போது மிகுதியாகக் குரல் எழுப்புவதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்றாகும்.

தூறுகளில் வாழும் பறவைகளும் அவற்றின் குரல்களும்

செம்போத்து: செண்பகம் எனவும் அழைக்கப்படும் இப்பறவை குயில் குடும்பத்தைச் சேர்ந்தது, எனினும் தானே கூடு கட்டி முட்டையிடும். அடர்ந்த தூறுகளின் அடியில் நடந்து பூச்சி, நத்தை, ஓணான் முதலியவற்றை உண்ணும். "ஊப், ஊப்" எனத் தொடரும் இதன் குரல் மிகத் தாழ்ந்த அதிர்வெண் கொண்டது. தூறினுள்ளிருந்து எழுந்தாலும் நெடுந்தொலைவு கேட்கும்.

ஆறுமணிக் குருவி: குளிர்காலத்தில் வட இந்தியாவிலிருந்து தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வலசை வரும் பறவை. காலையிலும் மாலையிலும் ஏறத்தாழ ஆறு மணியளவில் சீழ்க்கை ஒலி எழுப்புவதால் இப்பெயர் பெற்றது. பல நிறங்கள் கொண்டிருந்தும், நிழலடர்ந்த தரையில் சருகுகளைக் கிளறி இரை தேடுவதால் எளிதில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. மக்கள் இதற்கு நிறத்தை வைத்தன்றிக் குரலை வைத்துப் பெயரிட்டிருப்பது குறிப்பிடத்தக்கது.

வெண்புருவச் சின்னான்: தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும் வாழும் பறவை. வறண்ட நிலத் தூறுகளே இதன் வாழிடமாகும். செங்குதச் சின்னானைப் போல வெளியே வந்து அமராமல் இலைகளுக்குள்ளேயே தங்கி, திடீரென உரத்த குரலில் குமிழியிடுவது போல் ஒலிக்கும்.

மாம்பழச்சிட்டு: இலைகளினிடையே பூச்சிகளைத் தேடும் மஞ்சள் நிறச் சிறு பறவை. இதன் குரல்களுள் நீண்டு இழுத்து முடியும் சீழ்க்கை எளிதில் அடையாளம் காணத்தக்கது.

தவிட்டுக்குருவி: கூட்டமாக வாழும். தூறினுள் இரை தேடும்போது ஒன்றையொன்று காண இயலாததால், இடைவிடாத கீச்சொலிகளால் கூட்டம் பிரியாமல் பார்த்துக்கொள்கிறது. பாம்பையோ ஆந்தையையோ கண்டால் எல்லாம் சேர்ந்து கத்தும்.

தையல்சிட்டு: அகன்ற இலைகளைத் தைத்துக் கூடு அமைக்கும். சிறிய உடலும் உயர்ந்த சுருதியும் கொண்ட இப்பறவையின் குரல் ஒலிச் சிதறலுக்கு உட்பட்டதே. எனினும் அதே ஒலியைப் பலமுறை திரும்பத் திரும்ப எழுப்புவதால் செய்தி சென்று சேர்கிறது.

பச்சைவாயன்: நீண்ட வாலுடைய, தூறுகளில் ஊர்ந்து திரியும் பறவை. இதுவும் குயில் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும் பெரும்பாலும் ஓசையின்றியே வாழ்கிறது. மறைவிடத்தில் வாழும் எல்லாப் பறவைகளும் உரத்த குரல் உடையவை அல்ல என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

இவற்றிற்கு மாறாக, செம்மார்புக் குக்குறுவான், கரிச்சான், ஊதாத் தேன்சிட்டு முதலியன தூறுக்கு மேலே நீண்டு நிற்கும் கிளை நுனிகளில் அமர்ந்து ஒலி எழுப்புகின்றன. இலைத்திரையைத் தவிர்க்க இதுவும் ஒரு வழியாகும்.

அபாயக் குரல்களின் அமைப்பும் மறைவிடத்தோடு தொடர்புடையது. பருந்தினம் பறப்பதைக் கண்டு சிறு பறவைகள் எழுப்பும் மெல்லிய உயர்ந்த சீழ்க்கை, எத்திசையிலிருந்து வருகிறது என்று அறியக் கடினமானது என்பதையும், வேட்டையாடியைச் சூழ்ந்து விரட்டும்போது எழுப்பும் வெட்டொலிகள் திசையைத் தெளிவாகக் காட்டுபவை என்பதையும் மார்லர் 1955 இல் விளக்கினார்.

ஒலிசார் தகவமைப்புக் கருதுகோள்

வாழிடத்தின் அமைப்புக்கேற்பப் பறவைகளின் குரல் படிமலர்ச்சி அடைகிறது என்னும் கருத்து ஒலிசார் தகவமைப்புக் கருதுகோள் எனப்படுகிறது. இதற்கு அடித்தளமிட்டவர் மார்ட்டன் ஆவார். அவர் 1975 இல் வெளியிட்ட ஆய்வில், பனாமாவின் காடு, காட்டோரம், புல்வெளி ஆகிய இடங்களில் ஒலிகளை ஒலிபரப்பி அவை குறையும் அளவை ஒப்பிட்டார். காட்டின் கீழ்ப்பகுதியில் ஏறத்தாழ 1,500 முதல் 2,500 ஹெர்ட்சு வரையிலான ஒலிகள் நன்கு பரவுவதையும், அங்கு வாழும் பறவைகள் அவ்வெல்லைக்குள் தூய சுரங்களைப் பயன்படுத்துவதையும் அவர் சுட்டிக்காட்டினார்.

பிற்கால ஆய்வுகள் இக்கருத்தை முழுமையாக ஏற்கவில்லை. பல ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்து 2007 இல் செய்யப்பட்ட மதிப்பீடு, வாழிடத்தின் விளைவு உண்டெனினும் அது பெரிதன்று எனக் காட்டியது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குருவி வரிசைப் பறவைகளின் குரல் அதிர்வெண்ணை ஒப்பிட்டு 2021 இல் வெளிவந்த உலகளாவிய ஆய்வு, வாழிடத்தின் அடர்த்தியைவிட உடலின் பருமனே அதிர்வெண்ணைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்று முடிவு செய்தது. செம்போத்தின் குரல் தாழ்ந்திருப்பதற்கு அதன் பெரிய உடலும் காரணம். தையல்சிட்டின் குரல் உயர்ந்திருப்பதற்கு அதன் சிறிய உடலும் காரணம்.

ஆகவே, "கொடிகள் பறவையின் குரலை உருவாக்கின" எனக் கூறுவது மிகையாகும். கொடித்தூறு ஒலியை மாற்றுகிறது என்பதும், பறவைகள் நேரம், அமரும் இடம், திரும்பக் கூறல் ஆகியவற்றின் மூலம் அத்தடையைச் சமாளிக்கின்றன என்பதும் பொருத்தமான கூற்றுகளாகும்.

பறவைகளால் கொடிகள் பெறும் பயன்

இவ்வுறவு ஒருவழிப்பட்டதன்று. கோவை, சீந்தில், ஆதண்டை, சூரை, மிளகரணை, பிரண்டை முதலிய கொடிகள் சதைப்பற்றுள்ள கனிகளைத் தருகின்றன. சின்னான்கள், குயில், மைனாக்கள் ஆகியவை இக்கனிகளை உண்டு விதைகளை வேறிடங்களில் இடுகின்றன. பறவை அமரும் மரத்தின் அடியிலேயே விதை விழுவதால், முளைக்கும் கொடிக்குப் பற்றி ஏற ஒரு தாங்கு மரமும் கிடைத்துவிடுகிறது. குயில் கூவும் மரத்தடியில் நாளடைவில் கொடித்தூறு தோன்றுவது இவ்வாறேயாகும். நன்னாரியின் விதைகள் பஞ்சிழைகளாலும், வேம்பாடத்தின் கனிகள் சிறகு போன்ற அமைப்பாலும் காற்றில் பரவுகின்றன. இவற்றிற்குப் பறவைகளின் துணை தேவையில்லை.

பறவைகள் கொடிகளைச் சார்ந்திருப்பதை அளக்கப் பனாமாவில் ஒரு களச்சோதனை செய்யப்பட்டது. சில காட்டுப் பகுதிகளில் வன்கொடிகளை மட்டும் வெட்டி அகற்றி, வெட்டப்படாத பகுதிகளோடு அவை ஒப்பிடப்பட்டன. மரங்கள் அப்படியே இருந்தபோதிலும், கொடி நீக்கப்பட்ட பகுதிகளில் பூச்சியுண்ணும் பறவைகள் பெரிதும் குறைந்ததாக 2020 இல் வெளியான முடிவுகள் காட்டின.

பிச்சாவரத்துடன் ஒப்பீடு

சிதம்பரத்தின் பழம்பெயரான தில்லை, சதுப்புநில மரமாகிய தில்லையினின்று வந்தது. அம்மரம் பிச்சாவரம் காட்டில் இன்றும் உள்ளது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட இக்காட்டில் உப்புநீரும் அலையேற்றமும் இருப்பதால் கொடிவகைகள் மிகக் குறைவு. காட்டினூடே பல நீர்வழிகள் திறந்த வெளிகளாக ஓடுகின்றன.

இங்குக் கேட்கும் ஒலிகள் செம்மண் மேட்டுக் காட்டின் ஒலிகளிலிருந்து வேறானவை. மீன்கொத்திகளின் கடகடவென்ற ஒலியும், உள்ளான்களின் கூரிய கூவல்களும் நீர்ப்பரப்பின் மேல் தடையின்றிச் செல்கின்றன. கொடித்தூறில் குலைந்துபோகும் விரைவான அதிரொலிகள் இங்குத் தெளிவாகக் கேட்கின்றன. எனினும் இவ்வேறுபாட்டுக்குக் கொடிகளின் மிகுதியும் குறைவும் மட்டும் காரணமல்ல. இரு காடுகளிலும் வாழும் பறவையினங்களே பெரிதும் வேறுபட்டவை.

ஆய்வுகள்

1955 இல் புதுச்சேரியில் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தென்னிந்தியாவின் தாவரப் பரவலை வரைபடமாக்கியது. அதன் ஆய்வாளர்களான பிளாசுக்கோ, லெக்ரிசு ஆகியோர் கோடியக்கரை, மரக்காணம் ஆகிய இடங்களின் உலர் பசுமைமாறாக் காடுகளை ஆராய்ந்தனர். மெகர்-ஓம்சி 1974 இல் இக்காட்டு வகையின் தோற்றம் குறித்து எழுதினார்.

புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்த்தசாரதியும் கார்த்திகேயனும் கடலூர் வட்டாரத்தின் திருமாணிக்குழி, குழந்தைக்குப்பம் ஆகிய காடுகளின் தாவரங்களைக் கணக்கெடுத்து 1997 இல் வெளியிட்டனர். சோழமண்டலக் கரையின் நான்கு காடுகளில் வன்கொடிகளின் பல்வகைமை பற்றி ரெட்டி, பார்த்தசாரதி ஆகியோரின் ஆய்வு 2003 இல் வெளிவந்தது. கோடியக்கரையில் பறவைகள் வழியாக விதை பரவுவது தனியே ஆராயப்பட்டுள்ளது.

அடர்ந்த தூறுகளில் பறவைகளைக் கணக்கெடுக்கையில், குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட நேரம் நின்று கேட்கும் குரல்களையும் பதிவு செய்யும் முறை பின்பற்றப்படுகிறது. இதில் ஒரு குறைபாடு உண்டு. உயர்ந்த சுருதி கொண்ட குரல்கள் சிறிது தொலைவிலேயே கேளாமற் போவதால், அப்பறவைகள் உண்மையான எண்ணிக்கையைவிடக் குறைவாகப் பதிவாகலாம். பச்சைவாயன் போன்ற ஓசையற்ற பறவைகள் முற்றிலும் விடுபடவும் கூடும்.

அச்சுறுத்தல்களும் பாதுகாப்பும்

செம்மண் மேடுகளில் இருந்த காடுகளின் பெரும்பகுதி முந்திரித் தோப்புகளாகவும் தைலமரத் தோட்டங்களாகவும் குடியிருப்புகளாகவும் மாறிவிட்டது. எஞ்சியவை பெரும்பாலும் அய்யனார், அம்மன் முதலிய தெய்வங்களுக்குரிய கோயில் காடுகளாகும். விழுப்புரம் மாவட்டத்தில் கீழ்ப்புத்துப்பட்டு மஞ்சனீசுவரர் அய்யனார் கோயிலை ஒட்டிய காடு பரவலாக அறியப்பட்டதாகும். இத்தகைய காடுகளில் மரம் வெட்டக்கூடாது என்னும் நம்பிக்கையே அவற்றைக் காத்து வந்துள்ளது.

ஆனால் இந்நம்பிக்கை பெரும்பாலும் மரத்தையே காக்கிறது. கோயிலைச் சுற்றி இடம் விரிவாக்கும்போதும், பாதை அமைக்கும்போதும், விழாவுக்காகத் துப்புரவு செய்யும்போதும் கொடிகளும் புதர்களும் களையெனக் கருதப்பட்டு முதலில் வெட்டப்படுகின்றன. விறகுக்கும் மருந்துக்கும் கொடிகளை வெட்டுவதும் ஆடு மாடு மேய்ச்சலும் இதனோடு சேர்கின்றன. மரங்கள் நிற்பதால் காடு அழியவில்லை என்ற தோற்றம் இருக்கும். ஆனால் தூறை நம்பிய செம்போத்து, வெண்புருவச் சின்னான், ஆறுமணிக் குருவி ஆகியவை தங்க இடமிராது. காகம், மைனா போன்ற திறந்தவெளிப் பறவைகளின் குரல்கள் அவற்றின் இடத்தை நிரப்பும். எனவே ஒரு கோயில் காட்டின் நிலையை அறிய, விடியற்காலையில் அங்குக் கேட்கும் குரல்களே ஓர் எளிய அளவுகோலாகும்.

2011 திசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல் இப்பகுதியில் மரங்களைப் பெருமளவில் வீழ்த்தியது. கொடிகள் இத்தகைய வெளிகளில் விரைந்து படரும் இயல்புடையவை. அளவுக்கு மீறினால் அவை இளமரங்களின் வளர்ச்சியைத் தடுக்கவும் கூடும். ஆதலால் பாதுகாப்பு என்பது கொடிகளை முற்றிலும் விடுவதோ முற்றிலும் நீக்குவதோ அன்று. மரம், புதர், கொடி ஆகிய மூன்றின் கலப்பையும் பேணுவதாகும். 1968 இல் தொடங்கப்பட்ட ஆரோவில்லில், வறண்டு கிடந்த செம்மண் நிலத்தில் இக்காட்டு வகைக்குரிய தாவரங்கள் நட்டு வளர்க்கப்பட்டுள்ளன.

இவற்றையும் பார்க்கவும்

* கோயில் காடுகள்
* பிச்சாவரம்
* செம்போத்து
* ஆறுமணிக் குருவி
* சோழமண்டலக் கடற்கரை